உஷார்! அப்பாவின் ரெக்கார்டில் ஊசியை இறக்கும் முன்…

பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்குகிறது. உள்ளே எல்.பி.யும் ஈ.பி.யுமாக ஐம்பது, அறுபது இசைத்தட்டுகள். அடியில், நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் கனமான பழைய 78-கள். டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி, எம்.எல்.வி. என்று உறைகளைப் புரட்டும்போதே கை பரபரக்கும். அன்று ராத்திரியே ஆன்லைனில் தேடினால், சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பிளேயர் சில ஆயிரம் ரூபாய்க்கு வந்து நிற்கும். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது, புளூடூத் இருக்கிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. இரண்டே நாளில் வீட்டு வாசலில் இறங்கிவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பிளேயரின் கையை அப்பாவின் தட்டில் வைத்துவிடாதீர்கள். பெட்டியோடு சேர்ந்து பரணில் கிடந்த பழைய செட்டைத் துடைத்து, அதில் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். நாற்பது வருஷம் பத்திரமாக இருந்த ஒரு தட்டை, தேய்ந்துபோன ஊசி இருபது நிமிஷத்தில் பாழாக்கிவிடும். பாழானால் பாழானதுதான். எந்த மெஷினாலும் எந்த மருந்தாலும் அந்த வரிகளைத் திரும்பச் செதுக்க முடியாது. பல பழைய தமிழ்த் தட்டுகளுக்கு இன்னொரு பிரதி கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

எல்.பி.யில் பாட்டு இருக்கும் வரிப்பள்ளத்தின் அகலம் சுமார் 50 மைக்ரான். ஒரு தலைமுடி அளவுதான். அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இருக்கும் நெளிவுதான் சுசீலாவின் குரல், அந்த வயலின், அந்த தபலா. பிளேயரின் கையான டோன்ஆர்மின் நுனியில் இருக்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி பள்ளத்தில் ஓடி, அந்த அசைவை கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகிறது. செட் முழுவதிலும் பாட்டைத் தொடுகிற பாகம் அந்த ஊசிமுனை ஒன்றுதான். முனை வைரம், தட்டு பிளாஸ்டிக். இரண்டும் உரசினால் யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு, கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் மட்டும் “எது மலிவோ அதைப் போடுங்க” என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

உரசல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி ஓரத்தில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஊசிக்கு அடியில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20-ஐ ஒட்டிக் குறைகிறது. இருபது நிமிஷம் ஓடும் ஒரு பக்கத்துக்கு ஊசி 400 மீட்டருக்கு மேல் உராய்ந்து போகிறது. ஆடியோ-டெக்னிகா நிறுவனம் தன் எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசிக்குச் சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். அதற்குள் அந்த ஊசி போகும் தூரம் 380 கிலோமீட்டரைத் தாண்டும். சென்னையில் கிளம்பினால் திருச்சியைக் கடந்துவிடலாம்! தினம் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு அந்த ஊசி ஒரு வருஷம்கூட வராது. பரணில் கிடக்கும் செட்டின் ஊசி கடைசியாக எப்போது மாறியது? அப்பாவுக்கே நினைவிருக்காது.

ஊசி தேய்ந்தால் பாட்டு தானாக நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. உருண்டையாக இருந்த முனை இரண்டு பக்கமும் தட்டையாகி, தட்டையான முகம் முடிகிற இடத்தில் கூரான விளிம்பு வந்துவிடும். பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும், அந்த விளிம்பும் சுவரை வழித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் தலையாட்டி ரசித்துக்கொண்டிருப்போம்.

கவனித்துக் கேட்டால், தேய்மானத்தை முதலில் காது கண்டுபிடித்துவிடும். ச, ஷ, ஸ வரும் இடங்களில் குரல் ‘ஸ்ஸ்’ என்று சிதறும். ஜால்ரா சத்தம் மணியாக ஒலிக்காமல் மணலைக் கொட்டியதுபோல வரும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் இது இன்னும் மோசமாகும். உள்வரிகளில் வேகம் குறைந்து நெளிவுகள் நெருக்கியடிப்பதால் தேய்ந்த ஊசி அங்கேதான் முதலில் தடுமாறும். அடுத்தது கண். நன்றாகச் சுத்தம் செய்த தட்டு ஒன்றின் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மொபைல் டார்ச்சை அடித்து ஊசி நுனியைப் பாருங்கள். பஞ்சுபோலத் தொங்கினால் அது தூசு, பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். கருஞ்சாம்பல் நிறத்தில் மைபோல நைசான பொடி ஒவ்வொரு தடவையும் சேர்ந்தால், அது பள்ளத்தின் சுவராகவே இருக்கலாம். உடனே நிறுத்திவிடுங்கள். தட்டை டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தும் பாருங்கள். நல்ல தட்டு கறுப்பாக மின்னும். அரைபட்ட தட்டில், பாடகர் உச்சத்துக்குப் போன இடங்களெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

இப்போது அந்த சூட்கேஸ் பிளேயர். இந்த ரகத்தில் மலிவானவை பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். நல்ல காந்த கார்ட்ரிட்ஜ் ஒன்று தட்டில் ஒன்றரை, இரண்டு கிராம் எடையோடு ஓடும். செராமிக் 5, 6 கிராம் வரை அழுத்தும். பலவற்றில் ஊசி முனையும் வைரம் கிடையாது. செயற்கை சஃபையர், சீக்கிரமே தேய்ந்துவிடும். இதைவிடப் பெரிய கோளாறு அதன் விறைப்பு. ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் தனித்தனி ஒலி இருப்பதால், ஊசி பக்கவாட்டில் ஆடுவதோடு மேலும் கீழும் ஆட வேண்டும். விறைப்பான ஊசி அப்படி வளைந்து கொடுக்காது. தான் வளையாமல் பள்ளத்தை வளைக்கும்.

ஸ்டீரியோ தட்டுகள் விற்பனைக்கு வந்தது 1958-ல். அதற்குப் பிறகும் வெகுகாலம் நம் வீடுகளில் ஓடிய சின்ன பிளேயர்கள் பெரும்பாலும், ஊசி மேலும் கீழும் வளைந்து கொடுக்காத மோனோ செட்டுகளே. அந்தக் கால மோனோ தட்டுக்கு அவை போதும். அதே செட்டில் எண்பதுகளின் இளையராஜா ஸ்டீரியோ எல்.பி.யைப் போட்டால், அந்த பேஸ் கிடார் வரிகளின் கதி என்ன ஆகும்?

செட் எப்படியிருந்தாலும், தலையில் காசு வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஊசி குதித்தால் நாலணாவோ எட்டணாவோ எடுத்து டோன்ஆர்ம் தலையில் வைப்பது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். எழுபதுகளின் எட்டணா நாணயம் 5 கிராம். தலைக்கு நேர் மேலே வைத்தால் அத்தனை எடையும் ஊசிமுனையில் போய் இறங்கும். ஊசி குதிப்பதற்குக் காரணம் அழுக்கு, கோணல், தேய்மானம் இவற்றில் ஒன்றாக இருக்கும். காசு அதை மறைக்கும், தட்டு விலை கொடுக்கும். அதேபோல, “எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது” என்று கம்பெனி சொன்னதற்கும் கீழே குறைத்து வைப்பதும் தப்பு. எடை போதாத ஊசி பள்ளத்தில் ஒட்டாமல் எகிறி எகிறி விழுந்து சுவரை இடிக்கும். கொஞ்சம் கூடுதல் எடையைவிட அது மோசமானது.

78-கள் விஷயத்தில் இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அவை அதிகம். மேல்நாடுகளில் 78 ஓய்ந்துபோன அறுபதுகளில்கூட இந்தியாவில் அது அச்சாகிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாடல்களே இங்கே 78-ல் வெளிவந்தன. கிட்டப்பா, பாகவதர், கே.பி. சுந்தராம்பாள், ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எல்லாமே முதலில் இந்தத் தட்டுகளில்தான் வீடுகளுக்கு வந்தன. இவை வினைல் கிடையாது, அரக்கில் செய்தவை. பள்ளமும் எல்.பி.யைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசிமுனையின் ஆரம் 18 முதல் 25 மைக்ரான். 78 ஊசிக்கு 65-லிருந்து 76 மைக்ரான். எல்.பி. ஊசியை 78-ல் போட்டால், சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் போய் அழுக்கில் உருண்டு, கரகரவென்று இரைச்சலை மட்டும் அள்ளிக்கொண்டு வரும். அதைக் கேட்டுவிட்டு “தட்டு போச்சு” என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. தட்டு நன்றாகத்தான் இருந்தது!

தலைகீழாக நடந்தால்தான் நாசம். 78 ஊசி எல்.பி. பள்ளத்துக்குள் இறங்கவே முடியாமல் மேல் விளிம்புகளை அரைத்துக்கொண்டே போகும். பழைய செட்டுகளில் கார்ட்ரிட்ஜின் முன்னால் ஒரு குட்டி நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு பக்கம் எல்.பி. ஊசி, மறுபக்கம் 78 ஊசி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ 78 பக்கம் திருப்பிவைத்தபடியே அது இன்றும் இருக்கலாம். எழுத்து அழிந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்க்காமல் தட்டைத் தொடவிடாதீர்கள்.

இன்னும் பயங்கரம் சாவி கொடுக்கும் கிராமபோன். அழகுக்காக வாங்கி ஹாலில் வைத்துவிட்டு, விருந்தாளிக்குக் காட்ட எல்.பி.யைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் எஃகு முள்ளும் நூறு கிராமைத் தாண்டும் தலையும் 78-க்காகவே செய்தவை. அரக்குத் தட்டில் முள்ளைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கென்றே கல்பொடி கலந்திருப்பார்கள். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்ற வேண்டும். அதில் எல்.பி.யை ஒரே ஒரு தடவை போட்டாலும் கதை முடிந்தது.

சுத்தம் செய்யும்போதும் ஒரு எச்சரிக்கை. வினைலைத் துடைக்க விற்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. 78-ல் அதை விட்டால் அரக்கு கரைந்துவிடும். ஸ்பிரிட்டும் அப்படியே.

சரி, எந்த கார்ட்ரிட்ஜ் வாங்குவது? முதலில் உங்கள் பிளேயரில் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியுமா என்று பாருங்கள். விலை குறைந்த ஆட்டோமேட்டிக் மாடல்கள் சிலவற்றில் கார்ட்ரிட்ஜ் கையோடு சேர்ந்தே இருக்கும். ஊசியை மட்டும்தான் மாற்ற முடியும். தலையில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு ஸ்குரூவும், பின்னால் வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என நாலு குட்டி ஒயர்களும் இருந்தால் மாற்றலாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் காந்த கார்ட்ரிட்ஜ்களில் மூவிங் மேக்னெட் ரகத்தைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் ஊசியைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். மூவிங் காயில் ரகங்கள் பெரும்பாலானவற்றில் ஊசி போனால் கார்ட்ரிட்ஜே போனது மாதிரி. மின்சாரமும் மிகக் குறைவாகத்தான் வரும். மூவிங் மேக்னெட் 4, 5 மில்லிவோல்ட் கொடுக்கும் இடத்தில் அது பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூடத் தராது. அதற்கென்று தனி ஆம்பிளிஃபயர் பகுதி வேண்டும். ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனத்துக்காக அறுபதுகளில் உருவான டெனான் டி.எல்.-103 இன்றும் பேர் போனதுதான். ஆனால் அது 0.3 மில்லிவோல்ட், 2.5 கிராம், விறைப்பான ஊசி. கனமான டோன்ஆர்மில்தான் அதன் அருமை தெரியும். யாரோ புகழ்ந்தார் என்று அதை வாங்கி லேசான கையில் மாட்டிவிட்டு, பாட்டும் சரியில்லை, பணமும் போச்சு என்று நிற்காதீர்கள்.

எனக்குத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசை. ஒரே உடலில் ஆறு விதமான ஊசிகளை மாற்றி மாற்றிச் செருகலாம். எலிப்டிகலில் ஆரம்பித்து, காது பழகிய பிறகு இன்னும் மெல்லிய முனையுள்ள மைக்ரோலீனியருக்குப் போகலாம். அதற்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 1,000 மணி நேரம். விலை கூடுதல்தான். மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் கொள்ளை விலையாகத் தெரியாது. அதே வரிசையில் 78-க்கென்று எஸ்.பி. ஊசி இருக்கிறது, எடை 5 கிராம். அதைத் தனி ஹெட்ஷெல்லில் (கழற்றி மாட்டும் தலையில்) மாட்டிவைத்துக்கொண்டால் குழப்பம் வராது. டென்மார்க்கின் ஆர்டோஃபான் 2எம் ரெட், 1.8 கிராமில் ஓடுவது, இதற்கு நல்ல மாற்று. இதைவிட அதிகம் செலவழிப்பதற்கு முன், ஒரு எடைக் கருவியும் ஒரு நல்ல பிரஷ்ஷும் வாங்கிவிடுங்கள்.

இனி வரும் எச்சரிக்கை பாக்கெட்டுக்கு. ஷூர் நிறுவனம் 2018-லேயே கார்ட்ரிட்ஜ், ஊசித் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இன்றைக்கும் “ஒரிஜினல் ஷூர் ஊசி, புத்தம் புதுசு, எத்தனை வேண்டும்?” என்று யாராவது கேட்டால் சந்தேகப்படுங்கள். பழைய சரக்கு எங்கோ மிச்சம் இருக்கலாம். அள்ள அள்ள வராது. போலி ஊசியில் வைரமுனை கோணலாக ஒட்டியிருக்கும், சில நேரம் பாலிஷே இருக்காது. அந்த மாதிரி முனை, தேய்ந்த ஊசி செய்யும் வேலையை முதல் நாளிலேயே செய்துவிடும். உங்களிடம் ஷூர் கார்ட்ரிட்ஜ் இருந்தால், ஜப்பானின் ஜிகோ தன் சொந்தப் பெயரிலேயே அதற்கு ஊசி செய்து விற்கிறது. ‘ஒரிஜினல்’ என்று பொய் சொல்லும் டப்பாவைவிட, இன்னார் செய்தது என்று நேர்மையாகச் சொல்லும் மாற்று ஊசி எவ்வளவோ மேல்.

“சீல் பிரிக்காதது, முப்பது வருஷ ஸ்டாக்” என்று வருவதையும் நம்பிவிடாதீர்கள். ஊசியைத் தாங்கும் குட்டி ரப்பர் ஒன்று உள்ளே இருக்கிறது. பயன்படுத்தாமல் பெட்டியில் கிடந்தாலும் அது நம் ஊர் வெயிலில் இறுகிப்போகும், இல்லாவிட்டால் தளர்ந்துபோகும். வைரம் புதுசாக இருந்து என்ன பயன்? வளைந்து கொடுக்காத ஊசி, சூட்கேஸ் பிளேயர் ஊசிக்குச் சமம்தான்.

நல்ல ஊசியையும் மாட்டுகிற விதத்தில் கெடுக்கலாம். எடையைக் கண் மதிப்பில் வைக்காதீர்கள். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் எடைக் கருவி இதற்கென்றே கிடைக்கிறது. தட்டின் மேற்பரப்பு இருக்கும் அதே உயரத்தில் வைத்து எடை பாருங்கள். கார்ட்ரிட்ஜ் கோணலில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் அலைன்மென்ட் அட்டையை பிரிண்ட் எடுத்தால், அளவு சுருங்காமல் வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துச் சரிபார்த்த பிறகே ஊசியை அதன்மேல் வையுங்கள். ஊசி வேலை செய்கிறதா என்று விரலால் தடவி ‘கர்’ சத்தம் கேட்பது பழைய பழக்கம். ஊசிமுனையைத் தாங்கும் இன்றைய மெல்லிய கம்பி (கான்டிலீவர்) அதில் வளைந்துவிடும். வேலை முடிந்ததும் ஊசிக்கு மூடியைப் போட்டுவிடுங்கள். தூசு துடைக்கும் துணி சிக்கியே எத்தனையோ ஊசி போயிருக்கிறது.

கடையில் பழைய தட்டு வாங்கும்போது நடப்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை. ஒரு கடையில், உறையின் மூலைகூட மடங்காத ஒரு கர்நாடக இசை எல்.பி.யை எடுத்துக் கொடுத்தேன். “போட்டுக் காட்டறேன் சார்” என்று கடைக்காரர் அதைத் துடைக்காமலே ஒரு சூட்கேஸ் பிளேயரில் வைத்தார். வருகிற தட்டு எல்லாவற்றையும் காலையிலிருந்து ராத்திரி வரை அதே ஊசியில்தான் போடுகிறாராம். ஊசி மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, “நல்லாத்தானே சார் பாடுது” என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கடைக்கு வந்த ஒவ்வொரு நல்ல தட்டும் விற்பதற்கு முன்பே ஒரு தடவை அரைபட்டிருக்கிறது. நீங்கள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். “போட வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கடைக்காரரின் பிளேயரையும் ஊசியையும் பார்த்த பிறகு சம்மதியுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “எங்கள் வீட்டுத் தட்டுகள் ஏற்கெனவே போய்விட்டனவே” என்று பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்தக் காலக் குண்டு முனை ஊசி பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் உரசியிருக்கும். மைக்ரோலீனியர், ஷிபாட்டா மாதிரியான மெல்லிய முனைகள் அதற்கு மேலும் கீழும் தேயாமல் இருக்கும் பகுதியைத் தொடக்கூடும். கரகரத்த தட்டு அப்படித் தெளிந்து பாடுவது உண்டு. 78-லும் ஆவணக் காப்பகங்களில் வெவ்வேறு அளவு ஊசிகளை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் தேயாத உயரத்தைத் தேடுகிறார்கள். எல்லாத் தட்டும் பிழைக்காது. சுவரே சிதைந்திருந்தால் எந்த ஊசியும் காப்பாற்றாது. மெல்லிய முனைகளைக் கோணலாக மாட்டினால், அவையும் குண்டு ஊசியைவிட மோசமாக வெட்டும். அதனால் பழக்கப்பட்டவர் ஒருவரிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். முதலில் பெட்டியில் உள்ள மிகச் சாதாரணமான தட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது சரியாகப் பாடினால் அபூர்வமானதை எடுங்கள், எடுக்கும் அன்றைக்கே கம்ப்யூட்டரில் பதிவும் செய்துவிடுங்கள்.